தோல் வெட்டும் அச்சும் ஆவாரஞ்செடியும்



தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே குறைவு. தோட்டத்திலிருந்து லோரியிலோ பேருந்திலோ ரயிலிலோ வந்து இறங்கி, 272 படிகளையும் ஏறி, சந்நிதிக்குமுன் செருப்பைக் கழற்றிப் போடுகிறோம். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் அங்கே நூற்றுக்கணக்கான செருப்புகள். நம்முடையதைப் போலவே பத்துச் சோடி கிடக்கும். ஒன்றை மாட்டிப் பார்த்து, இல்லையென்று கழற்றி, இன்னொன்றை மாட்டிப் பார்க்கிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புக்கிடையே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். இத்தனை செருப்புகளும் எப்படி ஒரே அளவில், ஒரே வளைவில் அமைந்தன? தோலைத் தரையில் விரித்துக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டினால், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று மயிரிழையாவது மாறும். இங்கே மாறவில்லை. காரணம், இவற்றை வெட்டியது அச்சு.

தீபாவளிப் பலகாரம் செய்யும்போது நம் வீட்டுப் பெண்கள் மாவைத் தட்டி விரித்து, ஒரு டின் மூடியால் அழுத்தி அழுத்தி வட்டம் எடுப்பார்கள். தோல் வெட்டும் அச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. வேண்டிய வடிவத்தில் வளைத்து மூடிய ஓர் எஃகுப் பட்டை. அதன் ஒரு விளிம்பு கத்தியைப்போலத் தீட்டப்பட்டிருக்கும். அதைத் தோலின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தாலோ, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து அமுக்கினாலோ, ஒரே அடியில் ஒரு செருப்பு வார் விழும். பட்டறைக்காரர்கள் இதை 'டை' என்பார்கள். நாம் வெட்டச்சு என்று சொல்லிக்கொள்வோம். இன்று நாம் பேசப்போவது இந்த வெட்டச்சின் கதை, அது பிறக்கும் எஃகின் கதை. சிறிய பொருள்தான், ஆனால் யார் கையில் ஆதாயம் சேர்ந்தது, யார் கையில் சேரவில்லை என்ற பெரிய கணக்கு அதற்குள் இருக்கிறது.

எஃகின் விளிம்பு எப்படி இருக்கவேண்டும் என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பால் வெட்டிய ஒவ்வொரு குடும்பமும் அறிந்த செய்தி அது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர், ரப்பர் மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பழைய வெட்டின்மீதே மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். அந்த முறை நம் முன்னோர் கைகளில் வந்து சேர்ந்தது. விடியுமுன் எழுந்து, கத்தியைக் கல்லில் தீட்டி, பட்டையைச் சீவவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் மரம் புண்பட்டு முண்டு கட்டும். கங்காணியின் ஏச்சும் கிடைக்கும். கத்தியின் வாய் மழுங்கியிருந்தால் இந்த நிதானம் கைகூடாது. ஆகவே வெட்டும் இரும்புக்குக் கடினமும் வேண்டும், ஒடியாத உறுதியும் வேண்டும் என்பது நமக்குப் புத்தக அறிவன்று, கைகண்ட அறிவு.

இரும்பு வேறு, எஃகு வேறு. இரண்டையும் பிரிப்பது கரிச்சத்து. நூறு பங்கு இரும்பில் கால் பங்குக்கும் குறைவாகக் கரி கலந்திருந்தால் அது மென்னிரும்பு. வளையும், நீளும், ஆனால் எவ்வளவு சூடேற்றித் தோய்த்தாலும் வெட்டுவதற்கு வேண்டிய கடினம் ஏறாது. அரைப் பங்குக்குமேல் கரி சேர்ந்தால் அது பழுக்கக் காய்ச்சித் தோய்க்கும்போது இறுகிக் கடினமாகிறது. பத்துமலை அடிவாரத்தில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்குள் 250 டன் எஃகுக் கம்பி இருப்பதாகச் சொல்வார்கள். அந்தக் கம்பி பாரம் தாங்கப் பிறந்தது. அதில் ஒரு முழம் வெட்டியெடுத்து அச்சு செய்தால் நாலு அடியில் விளிம்பு மடங்கிவிடும். கட்டடத்துக்கு ஓர் இரும்பு, கத்திக்கு வேறோர் இரும்பு.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகள் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்களை வெளிப்படுத்தின. சேலம், திருச்சி, கோயம்புத்தூர்ப் பகுதிகளில் உருக்குச் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டுவரை வழக்கில் இருந்தது. அதை நேரில் கண்ட ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முறை இதுதான். களிமண்ணோடு நெல் உமிக்கரியைச் சேர்த்துப் பிசைந்து சிறு மூசைகள் செய்வார்கள். ஒவ்வொரு மூசையிலும் ஏறத்தாழ ஒரு இராத்தல் இரும்பைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவார்கள். அதனோடு உலர்ந்த ஆவார மரச் சுள்ளிகளை நறுக்கிப் போட்டு, எருக்கு போன்ற செடியின் பச்சை இலை ஒன்றிரண்டால் மூடி, வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, துருத்தியால் சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே ஒரு வில்லையாக எஃகு இருக்கும். ஆவாரஞ் சுள்ளியின் கரிச்சத்து இரும்புக்குள் இறங்கி அதை எஃகாக்கிவிட்டது.

ஆவாரை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பொங்கலுக்குக் கட்டும் மஞ்சள் பூ. உடல் சூட்டுக்குக் காய்ச்சிக் குடிக்கும் கசாயம். ஆனால் அந்தச் செடிக்கு மூன்றாவது வேலை ஒன்றும் இருந்தது. அதன் பட்டையில் துவர்ப்பு மிகுதி. அந்தத் துவர்ப்பை நீரில் இறக்கி, அதில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஊறவைத்துப் பதனிடுவார்கள். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு போன்ற ஊர்களின் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையை நம்பியே நின்றது. ஒரே செடி, அதன் சுள்ளி கத்திக்கு எஃகு தந்தது, அதன் பட்டை அந்தக் கத்தி வெட்டுவதற்குத் தோல் தந்தது. வறண்ட காட்டில் தானே முளைத்த செடியிலிருந்து இந்த இரண்டையும் எடுத்தவர்கள் நம் நாட்டுக் கொல்லரும் தோல் தொழிலாளரும்.

இனி அந்த ஆதாயக் கணக்குக்கு வருவோம்.

தென்னாட்டு எஃகு பல நூற்றாண்டுகளாகக் கப்பலேறியது. கத்தியாக அல்ல, வில்லையாக, கட்டியாகப் போயிற்று. மேற்காசியக் கொல்லர்கள் அதை வாளாக அடித்தார்கள். அலை அலையாகக் கோலம் ஓடும் அந்த வாட்களுக்கு உலகம் சூட்டிய பெயர் டமாஸ்கஸ் வாள். எஃகு நம்முடையது, பெயர் இன்னொரு நகரத்தினுடையது. பிறகு ஐரோப்பியரின் கண் இதன்மேல் விழுந்தது. 1795ல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்த எஃகைப் பற்றி லண்டன் அரச கழகத்தில் ஆய்வுக் கட்டுரை அளித்தார். பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, 1819ஆம் ஆண்டையொட்டி இதே எஃகைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடன் சேர்ந்து உழைத்த ஸ்டோடார்ட், அறுவைக் கத்தி செய்யும் தொழிலாளி. ஆவாரஞ் சுள்ளியில் பிறந்த எஃகை அறிஞர் உலகம் வியந்து பார்த்த காலம் அது.

அக்காலத்தில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்றொருவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். தமிழ்நாட்டு எஃகு முறையை விரிவாக எழுதியவர். 1830ல் அவர் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிமத்தையும் காட்டு மரக்கரியையும் கொண்டு பெரிய அளவில் இரும்பு செய்வது அவர் திட்டம். ஆலை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839ல் ஒரு காப்புரிமை பெற்றார். எஃகு உருக்கும் மூசையில் மாங்கனீசும் கரியும் சேர்ந்த கலவையைச் சிறிதளவு போட்டால், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கத்திக்குப் பேர்போன ஷெபீல்டு நகரம் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அங்குள்ள உற்பத்தியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கலவையைத் தனியே செய்யாமல், அதன் பகுதிப்பொருள்களை நேராக மூசைக்குள் போட்டு, இது ஹீத்தின் முறையே அன்று என்று வாதிட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. 1855ல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது ஹீத் உயிரோடு இல்லை.

துரைக்கே அந்தக் கதி. சேலத்து உலையில் துருத்தி ஊதியவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். நாம் படிக்கும் வரலாற்றில் அவர் பெயர்கூட இல்லை. ஷெபீல்டின் மலிவான எஃகும் இரும்பும் கப்பலில் வந்து இறங்கியபின் நாட்டு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

தோலிலும் இதே கணக்குத்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னையிலிருந்து கப்பலேறிற்று. ஆனால் பாதி பதனிட்ட நிலையில். மீதி வேலையைச் செய்து, அதைக் காலணியாகவும் கைப்பையாகவும் வெட்டித் தைத்தவர்கள் அயல்நாட்டார். 1903ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைப் புகுத்தினார். சென்னைக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அந்தத் தொழிலிலிருந்து வந்தது. 1948ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆயினும் பெரும்பகுதித் தோல் பாதி வேலையோடுதான் வெளியேறிக்கொண்டிருந்தது. 1972ல் சீதாராமய்யா குழு, இப்படி விற்பதைக் குறைத்து முழுப்பொருளாகச் செய்து விற்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து இந்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பின்னரே ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் காலணி ஆலைகள் பெருகின.

அந்த மாறுதல் வந்ததும் முதலில் தேவைப்பட்டது எது தெரியுமா? நாம் பேசுகிற வெட்டச்சு. பாதித் தோலைக் கட்டி அனுப்புகிறவனுக்கு அச்சு வேண்டாம். காலணி செய்கிறவனுக்கு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். ஆண்கள் காலணி, பெண்கள் காலணி, குழந்தைகள் காலணி, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு அளவு, ஒவ்வொரு காலணிக்கும் பல துண்டுகள் என்று கணக்கிட்டால் ஓர் ஆலைக்கு நூற்றுக்கணக்கான அச்சுகள். அவற்றை வளைத்து, பற்றவைத்து, தீட்டித் தரும் பட்டறைகளுக்கு வேலை. அந்தப் பட்டறைகளில் பிள்ளைகளுக்குத் தொழில்.

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். நாம் வெட்டிய பால் தாளாகவும் கட்டியாகவும் கப்பலேறியது. டயராகவும் காலணி அடியாகவும் அதைச் செய்தவர்கள் வேறு தேசத்தார். சிறிதளவு இங்கேயே பொருளாயிற்று. கிள்ளானில் பாட்டா நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலை பல்லாண்டுகள் இயங்கியது. நம் பிள்ளைகள் பள்ளிக்கு மாட்டிச்சென்ற வெள்ளைக் கான்வாஸ் காலணியை நினைத்துப் பாருங்கள். தோலானாலும் கான்வாஸானாலும் ரப்பரானாலும், ஆலையில் ஒரே அளவாகத் துண்டு எடுக்க அச்சுதான் வேண்டும்.

எஃகின் கதையிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. பினாங்குக்கு எதிரேயுள்ள பிறையில், 1961ல் பதிவான மலாயாவாட்டா எஃகு நிறுவனம் 1967ல் உற்பத்தி தொடங்கியது. ஜப்பானியரின் கூட்டு முயற்சி அது. இரும்புக் கனிமத்தை உருக்கத் தரமான நிலக்கரி நம் நாட்டில் இல்லை. ஆகவே என்ன செய்தார்கள்? பால் வற்றி வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களைக் கரியாக்கி உலையில் போட்டார்கள். நம் தாய்தந்தையர் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் சீவிய மரங்கள் கடைசியில் எஃகுக்குக் கரியாயின. சேலத்தில் ஆவாரஞ் சுள்ளி செய்த உதவியை இங்கே பால்மரம் செய்தது. ஆனால் அங்கே வந்தது பெரும்பாலும் கட்டடக் கம்பி. கத்திக்கும் அச்சுக்கும் உரிய உயர்தர எஃகு பெரும்பாலும் கடல்கடந்தே வந்தது.

அப்படியானால் சிறிய பட்டறைக்காரர் எஃகுக்கு எங்கே போவார்? பழைய இரும்புக் கடைக்குத்தான். அங்கே லோரியின் பட்டை ஸ்பிரிங் கிடைக்கும். நூற்றுக்கு அரை, முக்கால் பங்கு கரிச்சத்து உள்ள நல்ல வில்லெஃகு அது. பத்துமலையிலிருந்து ரயிலில் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் செந்தூலில் ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் பலர் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். வில்லெஃகு எதற்கு ஆகும் என்பது அத்தகைய கைகளுக்குத் தெரியும்.

எந்த இரும்பு எஃகு என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சாணைக்கல்லில் பிடித்துப் பார்க்கவேண்டும். மென்னிரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடும். கரிச்சத்து மிகுந்த எஃகின் பொறி மத்தாப்பைப்போலக் கிளைத்துப் பூப்பூவாய் வெடிக்கும். பூ எவ்வளவு அடர்த்தியோ கரி அவ்வளவு மிகுதி.

அச்சு செய்யும் முறையையும் சுருக்கமாகச் சொல்லுவோம். பட்டையைப் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் அது மெத்தென்று ஆகும். பிறகு வேண்டிய வடிவ மாதிரியைச் சுற்றிச் சூட்டோடு வளைத்து, முனைகளைப் பற்றவைக்கவேண்டும். விளிம்பைத் தீட்டும்போது வெளிப்புறம் மட்டுமே சரிவாக்கவேண்டும். உட்புறம் செங்குத்தாக நிற்கவேண்டும். அப்போதுதான் உள்ளே விழும் துண்டின் ஓரம் நேராக இருக்கும். சரிவு உள்ளே இருந்தால் துண்டு கூம்பிப்போகும். விளிம்பு முழுதும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று சமமான கண்ணாடிமேல் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே தோல் அறுபடாது.

பின்னர் தோய்ச்சல். காந்தம் ஒட்டாத அளவுக்குச் செஞ்சூடு ஏறியதும் எண்ணெயில் முக்கவேண்டும். இப்போது எஃகு கண்ணாடியைப்போல் கடினம். கண்ணாடியைப்போலவே உடையவும் செய்யும். அதனால் மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காய்ச்சுவார்கள். எஃகின்மேல் நிறம் மாறிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ், நீலம் ஏறத்தாழ 300. சம்மட்டி அடி தாங்கவேண்டிய அச்சுக்குப் பழுப்புக்கும் ஊதாவுக்கும் இடையில் நிறுத்திவிடுவார்கள். இதற்குப் பதம் வைத்தல் என்று பெயர். சோற்றுக்குப் பதம் பார்ப்பதுபோல, ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் பிழை. பழைய ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். ஆகவே முதலிலேயே நன்றாகச் சோதிக்கவேண்டும். சாணை பிடிக்கும்போது கண்ணாடி அணியாமல் நிற்கக்கூடாது.

ஆலைகளுக்கு இன்று ஆயத்தப் பட்டையே விற்பனைக்கு வருகிறது. 19 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர் உயரங்களில், விளிம்பு மட்டும் கடினமாகவும் உடல் வளையும் தன்மையோடும் அமைந்திருக்கும். வளைத்துப் பற்றவைத்தால் போதும். ஆனால் எந்தப் பட்டையானாலும் அதனுள் இருப்பது அதே கரி, அதே சூடு, அதே பதம்.

நேயர்களே, இந்தக் கதையை ஏன் சொன்னோம்? எஃகு வில்லை கப்பலேறியது, வாள் வேறிடத்தில் பிறந்தது. பாதித் தோல் கப்பலேறியது, காலணி வேறிடத்தில் பிறந்தது. பால் கப்பலேறியது, டயர் வேறிடத்தில் பிறந்தது. மூன்று முறையும் உழைப்பு நம்முடையது. வடிவம் கொடுக்கும் கருவியும் அதன் ஆதாயமும் பிறருடையவை. மூலப்பொருளைத் தருகிறவனுக்குக் கூலி கிடைக்கிறது. கருவியைச் செய்யத் தெரிந்தவனுக்கு விலை பேசும் உரிமை கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோலைத் தொட்டவரையும் உலைக்கரியில் புரண்டவரையும் இழிவாகப் பார்த்த கொடுமை நம் சமூகத்தில் இருந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் கப்பலேறி இந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள். உலக அறிஞர்கள் வியந்து ஆராய்ந்த எஃகு அந்தக் கரிபடிந்த கைகளில் பிறந்தது. அந்தக் கைகளுக்கு நாம் கொடுக்க மறந்த மதிப்பு இன்னும் பாக்கி நிற்கிறது.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, பல வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ வேலைகளுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவன், "அச்சு செய்யும் தொழில் கற்கப்போகிறேன்" என்று சொன்னால், "அதென்ன கரிவேலை" என்று முகம் சுளிக்காதிருப்போம். 1991ல் தொடங்கிய ஜெர்மன்–மலேசியக் கல்விக்கழகம் போன்ற இடங்களில் அது முறையான பாடமாகவே கற்பிக்கப்படும் தொழில். பெண்பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். பதம் பார்க்கும் கண் நம் அடுப்படிகளில் ஏற்கனவே பழகிய கண்தான்.

அடுத்த தைப்பூசத்தில் பத்துமலைச் சந்நிதிக்குமுன் செருப்பைத் தேடும்போது, ஒரு வாரைக் கையில் எடுத்து அதன் ஓரத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நேராக, பிசிறின்றி வெட்டுப்பட்டிருக்கும். அதை வெட்டிய அச்சை யாரோ ஒருவர் நெருப்பின் நிறம் பார்த்துச் செய்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அந்த ஒருவர் நம் வீட்டிலிருந்தும் வரலாம்.